ராத்திரி குளிராமல் தூங்க: ட்ரெக்கிங் மேட் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலையேற்றத்துக்கு முதல் தடவை தயாராகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக் வாங்கத்தான் அதிகம் அலைகிறார்கள். மைனஸ் பத்து தாங்குமா, உள்ளே இருப்பது வாத்து இறகா செயற்கைப் பஞ்சா என்று நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். அடியில் விரிக்கும் மேட்டை மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள், மிச்சமிருக்கும் காசுக்குக் கிடைப்பதாகப் பார்த்து வாங்கிப் பையின் மேல் கட்டிக்கொள்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் மேட், அப்புறம் ஸ்லீப்பிங் பேக். ஏன் என்று சொல்லிவிட்டு, வாங்குவதிலிருந்து விரிப்பது வரை படிப்படியாகப் போகலாம்.

குளிர் கீழேயிருந்துதான் ஏறுகிறது

ஒரு நல்ல ஸ்லீப்பிங் பேக்கை விரித்து, கால் மணி நேரம் உப்ப விடுங்கள். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே மாதிரி புசுபுசுவென்று இருக்கும். இப்போது அதற்குள் படுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை உங்கள் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே நாலு விரல் உயரத்துக்கு நிற்கும் இறகு, கீழே உடம்பின் எடையில் நசுங்கித் துணியோடு துணியாக ஒட்டியிருக்கும். ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. இறகுக்கு இடையில் அடைபட்ட காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நசுங்கிய இடத்தில் காற்று இல்லை, அதனால் அங்கே தடுப்பும் இல்லை. உடம்புச் சூடு நேராகத் தரைக்கு இறங்கிவிடும்.

தரை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். காய்ந்த புல், உதிர்ந்த பைன் ஊசி இலை மூடிய மண் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். ஈரமண் அதைவிட வேகமாக இழுக்கும். பாறையும் சிமெண்ட் தரையும் இன்னும் மோசம். பனியின் மேல் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஸ்லீப்பிங் பேக்கில் 'மைனஸ் 5 டிகிரி' என்று அச்சடித்திருக்கிறார்கள் அல்லவா, தரமான நிறுவனங்கள் அந்த எண்ணைச் சர்வதேசத் தர முறைப்படி சோதித்துத்தான் போடுகின்றன. அந்தச் சோதனையில் பேக்குக்குள் வைக்கும், உடம்பு மாதிரிச் சூடாக்கிய பொம்மை மனிதனை வெறும் தரையில் படுக்க வைப்பதில்லை; சூட்டைத் தடுக்கும் மேட்டின் மேல்தான் வைக்கிறார்கள். ஆக, மெல்லிய மேட்டின் மேல் படுப்பவருக்கு அந்த எண் பொருந்தாது. 'பேக் சரியில்லை, குளிருது' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் சரியில்லாமல் போனது மேட்.

முதல் படி: எங்கே, எந்த மாதத்தில் படுக்கப் போகிறீர்கள்?

மேட் எவ்வளவு தூரம் சூட்டைத் தடுக்கிறது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஆர் மதிப்பு என்பார்கள். எண் பெரிதானால் தடுப்பும் அதிகம். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்து ஓர் எண்ணைப் போட்டுவந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்தது. மேட்டைக் காற்றடைத்து, கீழே குளிர்ந்த தகடும் மேலே உடம்புச் சூட்டில் ஒரு தகடும் வைத்து, மேல்தகட்டின் சூடு குறையாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். 2020 முதல் பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த முறைக்கு வந்துவிட்டன. அட்டையில் அந்தத் தரத்தின் பெயர் இருந்தால் எண்ணை நம்பலாம். ஆன்லைனில் பெயர் தெரியாத பிராண்டுகள் 'ஆர் மதிப்பு 9' என்று பெரிய எழுத்தில் போட்டு, எப்படி அளந்தார்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டால், அந்த எண்ணை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும்? தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு 1 முதல் 2 வரை போதும். பத்திலிருந்து பூஜ்ஜியம் வரை இறங்குமானால் 2 முதல் 4. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடம் என்றால் 4க்கு மேல். பனியின் மேல் கூடாரம் போடுவதாக இருந்தால் ஐந்தரைக்குக் குறையாமல் பாருங்கள். எளிதில் குளிர்கிறவர்கள், மெலிந்த உடம்புக்காரர்கள் இதோடு 1 சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரே குளிரில் பெண்களுக்கு ஆண்களைவிடச் சீக்கிரம் குளிரும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்' என்று தனி எண் தருகிறார்கள். மேட்டுக்கும் அதே கணக்கைப் போடலாம்.

இதை நாம் போகிற இடங்களில் வைத்துப் பார்ப்போம். மூணாறு பக்கம் மீசப்புலிமலை 2,640 மீட்டர். அதற்குக் கீழே இருக்கும் முகாம்களில் மழைக்காலம் முடிந்த மாதங்களில் ராத்திரி நன்றாகக் குளிரும், ஆனால் 2 என்ற ஆர் மதிப்பு அங்கே ஆளைக் காப்பாற்றிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் அதே மேட்டோடு வெட்டவெளியில் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தூக்கம் கலையும். 4 இருந்தால் நிம்மதி. காட்டுக்குள் கூடாரம் போடுவதற்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், அது தனிக் கதை.

உத்தராகண்டின் கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். இந்தியாவில் முதல் பனி ட்ரெக்காகப் பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். டிசம்பர் கடைசியில் போனால் கூடாரம் பனியின் மேல்தான் நிற்கும், ராத்திரி மைனஸில் இறங்கும். அங்கே ஐந்தரைக்கு மேல் இருந்தால் நல்லது. லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் ட்ரெக் ஜனவரி, பிப்ரவரியில்; ராத்திரி மைனஸ் இருபதையும் தாண்டும். அங்கே 6, 7 என்று யோசிக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள மேட்டின் மேல் 4.5 உள்ளதை விரித்தால் 6.5. இரண்டு போர்வையைச் சேர்த்துப் போர்த்துவது மாதிரிதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எப்படிப் படுப்பீர்கள்?

மல்லாந்து படுப்பவருக்கு உடம்பின் எடை பரவலாக இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் மேட்டில்கூடத் தூங்கிவிடலாம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு எடை முழுக்கத் தோளிலும் இடுப்பு எலும்பிலும் வந்து நிற்கும். மெல்லிய மேட்டில் அரை மணிக்கு ஒரு தரம் புரண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். இவர்களுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள காற்று மேட் தேவை. குப்புறப் படுப்பவர்களுக்கு ரொம்ப உயரமான மேட் முதுகை வளைக்கும். கொஞ்சம் காற்றைக் குறைத்தால் சரியாகும்.

வீட்டில் பாய் விரித்துத் தரையில் படுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. கெட்டியான படுக்கை அவர்களுக்குப் புதிதில்லை, ஃபோம் மேட் தாராளமாகப் போதும். ஆனால் கெட்டித் தரை பழக்கம் என்பதால் குளிர்ந்த தரையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோரைப்பாய் சித்திரை வெயிலுக்குச் சுகமாக இருப்பதே அது சூட்டைத் தடுக்காமல் கீழே விடுவதால்தான்.

மூன்றாம் படி: மூன்று வகையில் எது?

சந்தையில் நூறு மாடல் இருந்தாலும் எல்லாம் மூன்று வகைக்குள் வந்துவிடும்.

முதலாவது ஃபோம் மேட். உள்ளே ஒன்றோடொன்று சேராத குட்டிக் குட்டிக் காற்றறைகள் உள்ள ஃபோம். தண்ணீரை உறிஞ்சாது, ஓட்டை விழாது, காற்றடிக்க வேண்டாம். சுருட்டுவதாகவும் வரும், மடிப்பதாகவும் வரும். சுருட்டும் மேட் விரித்த பிறகும் ஓரத்தில் சுருண்டு நிற்கும்; மடிக்கும் மேட் உதறினால் தரையோடு படிந்துவிடும். தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் ஸீ லைட் சோல் இதற்கு நல்ல உதாரணம்: 2 சென்டிமீட்டர் தடிமன், 410 கிராம், ஆர் மதிப்பு 2. நீமோ நிறுவனத்தின் ஸ்விட்ச்பேக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஸீ லைட் சோலில் ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு இருக்கும்; குளிரில் அந்தப் பக்கம் மேலே, உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும். இந்தியாவில் டெக்கத்லான் மாதிரிக் கடைகளில் ஃபோம் மேட் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது.

இந்த வகையின் குறை, இடத்தை அடைக்கும். பைக்குள் போகாது, வெளியேதான் கட்ட வேண்டும். முள்செடிகளுக்கு நடுவே நடந்தால் ஓரம் பிய்யும். பல வருஷம் படுத்துப் படுத்து இடுப்பு வைக்கும் இடம் மெலிந்துபோகும். அந்த இடத்தில் தடுப்பும் குறையும். ஆனாலும் நடக்கும்போது ஓய்வெடுக்க நினைத்தால் ஒரு நொடியில் இழுத்துப்போட்டு உட்காரலாம், சோறு சாப்பிடலாம், ஈரக்கல்லின் மேல் சாயலாம். இதைக் காற்று மேட்டில் செய்ய மனசு வராது.

யோகா மேட்டை எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். யோகா மேட் வழுக்காமல் இருப்பதற்காக அடர்த்தியாகச் செய்யப்பட்டது. அடர்த்தி என்றால் காற்று குறைவு. மெல்லியதாக இருந்தும் ட்ரெக்கிங் மேட்டைவிட எடை கூடுதலாக இருக்கும், தடுப்போ மிகக் குறைவு.

இரண்டாவது, தானாக உப்பும் மேட். காற்றுப் புகாத உறைக்குள் பஞ்சு போன்ற ஃபோம் இருக்கும். வால்வைத் திறந்துவிட்டால் அமுங்கிய ஃபோம் விரிந்து காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில் சியாட்டிலில், போயிங் நிறுவனத்தில் வேலை போன இரண்டு பொறியாளர்களும் அவர்களுடைய மலையேற்ற நண்பரும் சேர்ந்து உருவாக்கியது இது. தெர்மரெஸ்ட் என்ற பெயரும் அப்படித்தான் பிறந்தது. ஃபோமும் காற்றும் சேர்ந்து இருப்பதால் படுக்கச் சுகம், ஓட்டை விழுந்தாலும் கொஞ்சம் மெத்தை மிஞ்சும். ஆனால் எடை. தெர்மரெஸ்ட் ப்ரோலைட் ப்ளஸ் சுமார் 650 கிராம், ஆர் மதிப்பு 3.2. மலிவான மாடல்கள் ஒரு கிலோவை எளிதாகத் தாண்டும். காரில் போய், காருக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது; ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வாங்கினால் வீட்டு மெத்தை தோற்றுப்போகும். சுமந்து நடப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது காற்று மேட். இன்றைக்கு நீண்ட நடைக்காரர்கள் பெரும்பாலும் தூக்குவது இதைத்தான். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு, விரித்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உயரமாக இருப்பதால் குளிர் தெரியாது என்று நினைக்கிறார்கள். உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால், மேலே உடம்பு பட்டுச் சூடான காற்றும் கீழே தரை பட்டுக் குளிர்ந்த காற்றும் நாம் புரளும்போதெல்லாம் கலந்துகொண்டே இருக்கும். சூடு கீழே போய்விடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பம்ப் வைத்து ஊதும் பிளாஸ்டிக் ஏர் பெட் இப்படிப்பட்டதுதான். ஒரு ஜாண் உயரம் இருந்தும் கொடைக்கானல் குளிரில் முதுகு விறைத்துப்போவது அதனால்தான்.

இதைத் தடுக்க நல்ல காற்று மேட்டுக்குள் பளபளக்கும் மெல்லிய தாள்களை அடுக்கடுக்காக வைத்துக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிப்பார்கள், அல்லது செயற்கைப் பஞ்சோ இறகோ நிரப்புவார்கள். தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி சுமார் 370 கிராம், ஆர் மதிப்பு 4.5. அதன் அண்ணன் எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி சுமார் 440 கிராம், 7.3. எழுபது கிராம் கூடுதலுக்கு இவ்வளவு வித்தியாசம். நீமோ டென்சர் வரிசையில் ஆல்-சீசன் 5.4, எக்ஸ்ட்ரீம் 8.5. விலையும் அதற்கேற்ற மாதிரிதான்: எக்ஸ்லைட் அமெரிக்காவில் 200 டாலரை ஒட்டி விற்கிறது, இங்கே இறக்குமதியாகி வரும்போது இன்னும் கூடும். இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் மலிவான காற்று மேட் வாங்கலாம். 'இன்சுலேட்டட்' என்று போட்டிருக்கிறதா, ஆர் மதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது வெயில் காலத்து மேட்.

துணியின் கனத்தை டீனியர் என்ற அளவில் சொல்வார்கள். 20 என்றால் மெல்லியது, கூர்மையான கல் பட்டால் ஆபத்து. 40, 70 என்று போகப் போகத் தாங்கும், எடையும் ஏறும். சில மாடல்கள் புரளும்போது சிப்ஸ் பாக்கெட் மாதிரிச் சரசரக்கும். உறக்கம் லேசாக இருப்பவர்கள், ஒரே கூடாரத்தில் இன்னொருவரோடு படுப்பவர்கள் இதைக் கடையில் படுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

சரி, முதலில் எதை வாங்குவது? என் கருத்து இது: ஆர் மதிப்பு 2 உள்ள மடிக்கும் ஃபோம் மேட் ஒன்றை வாங்கி, உறைபனி இல்லாத நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குளிர் குறைந்த காலத்து இமயமலையிலும் பயன்படுத்துங்கள். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது, பனியில் போகப் போகிறோம் என்று தெரிந்த பிறகு, நாலு, நாலரை ஆர் மதிப்புள்ள காற்று மேட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடுக்கினால் கேதார்காந்தா பனிக்கும் போதும். பழையது வீணாகாது, புதியதைக் கல்லிலிருந்து காப்பாற்றும், நடுராத்திரி காற்று மேட் ஓட்டையானாலும் வெறும் பனியில் படுக்க நேராது. ஒருக்களித்து மட்டுமே தூங்க முடிகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை ஒத்துவராது. அவர்கள் நேராகக் காற்று மேட்டுக்குப் போகலாம்.

நான்காம் படி: நீளம், அகலம், கூடாரம்

வழக்கமான நீளம் 183 சென்டிமீட்டர், அதாவது ஆறடி. உயரம் குறைந்தவர்களுக்கு 168, உயரமானவர்களுக்கு 196 என்று வரும். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் மட்டும் வரும் 120 சென்டிமீட்டர் குட்டை மேட்டும் உண்டு; காலுக்கு அடியில் காலி முதுகுப் பையைப் போட்டுக்கொள்வார்கள். எடையைக் கிராம் கணக்கில் குறைப்பவர்களுக்கு அது சரி. முதல் ட்ரெக்குக்கு முழு நீள மேட் வாங்குங்கள்.

அகலம் பெரும்பாலும் 51 சென்டிமீட்டர். மல்லாந்து படுத்துக் கையைப் பக்கத்தில் வைத்தால் முழங்கை வெளியே போய்த் தரையில் படும். 64 சென்டிமீட்டர் அகலத்தில் இந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் கூடாரத்தை அளந்து பாருங்கள். இரண்டு பேர் கூடாரம் பல 130 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் கால் பக்கம் குறுகிப் போகும். 64 அகல மேட் இரண்டைப் போட்டால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். ஒருவர் அகலம், ஒருவர் வழக்கமான அளவு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ட்ரெக்கிங் நிறுவனம் மேட் தருவதாகச் சொன்னால்

இமயமலையில் குழுவாக அழைத்துப்போகும் நிறுவனங்கள் பெரும்பாலும் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மேட் மூன்றையும் தாங்களே தருவார்கள். அதனால் எதுவும் வாங்க வேண்டாம் என்று விட்டுவிடாமல், பதிவு செய்யும்போதே போனில் கேளுங்கள்: மேட் ஃபோமா காற்றா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஒருவருக்கு எத்தனை, பனியில் கூடாரம் போடும்போது இரண்டாவது மேட் தருவீர்களா? தெளிவான பதில் வந்தால் நம்பிப் போகலாம். 'எல்லாம் கொடுப்போம் சார்' என்று மட்டும் பதில் வந்தால், சொந்தமாக ஒரு ஃபோம் மேட் கட்டிக்கொண்டு போங்கள். அரைக் கிலோகூட இல்லாத சுமை அது.

விமானத்தில் போகிறவர்கள் ஃபோம் மேட்டைப் பையின் வெளியே கட்டியபடியே செக்-இன் செய்தால் எங்காவது மாட்டிக் கிழிய வாய்ப்புண்டு. பெரிய சாக்குப் பையிலோ மழை உறையிலோ பையையும் மேட்டையும் சேர்த்துச் சுற்றிவிடுங்கள்.

வீட்டில் ஒரு ராத்திரி

வாங்கியதும் கூடத்தில் டைல்ஸ் தரையில் விரித்து அதன் மேல் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கிப் பாருங்கள். பத்து நிமிஷம் படுத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. தோள் வலிப்பது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். காற்று மேட் என்றால் இன்னொரு சோதனையும் இதிலேயே முடிந்துவிடும். வீட்டில் மாலைக்கும் காலைக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அதனால் காலையில் மேட் தொய்ந்திருந்தால் அது கசிவுதான், அப்போதே கடையில் மாற்றிவிடலாம். மலையில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மாலையில் 30 டிகிரி சூட்டோடு உள்ளே போன காற்று, ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் குளிர்ந்தால் சுமார் பத்து சதவீதம் சுருங்கும். மேட் தொய்வதைப் பார்த்து ஓட்டை என்று பதற வேண்டாம். படுக்கப் போகும் முன் இன்னும் இரண்டு மூச்சு ஊதினால் போதும்.

முகாமில் விரிக்கும் முறை

கூடாரம் போடும் முன்பே தரையைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள், உடைந்த பாட்டில் சில்லு, கூரான வேர் எல்லாம் கையில் தட்டுப்படும். பொறுக்கிப் போட்டுவிட்டு, கூடாரத்துக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை அளவாக வெட்டிக்கொண்டால் அருமையாக உழைக்கும். விரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுவந்துவிடும்.

காற்று மேட்டை வாயால் ஊதலாம்தான். ஆனால் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், இறகு நிரப்பிய மேட்டில் இறகைக் கெடுக்கும், மைனஸில் உள்ளேயே உறையும். தவிர, 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு நாள் நடந்து வந்த பிறகு இருபது முப்பது மூச்சு ஊதினால் தலை சுற்றும். பம்ப் சாக்கு என்று ஒரு லேசான பை வருகிறது: பையின் வாயைத் திறந்து காற்றைப் பிடித்து, சுருட்டி அழுத்தினால் நாலைந்து அழுத்தலில் மேட் நிரம்பிவிடும். உள்ளே துணி வைக்கவும் அதையே பயன்படுத்தலாம். மேட்டோடு வராவிட்டால் தனியாக வாங்குங்கள், வால்வுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து.

எவ்வளவு கெட்டியாக ஊதுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கல் மாதிரி ஊதினால் நடு ராத்திரி உருண்டு கீழே விழுவீர்கள். முதலில் நன்றாகக் கெட்டியாக ஊதி, அதன் மேல் ஒருக்களித்துப் படுங்கள். கையை வால்வில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். இடுப்பு மெதுவாக இறங்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் தரையைத் தொட்டுவிடும் என்ற இடத்துக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்தி மூடிவிடுங்கள். தோளும் இடுப்பும் அமுங்கி, இடையில் விலாவுக்கும் தாங்கல் கிடைக்கும். அதுதான் சரியான அளவு.

இரண்டு மேட் அடுக்கினால் ஃபோம் கீழே, காற்று மேட் மேலே. சரிவில் வழுக்கிக்கொண்டே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். தலை தரை உயர்ந்த பக்கம், கால் தாழ்ந்த பக்கம் இருக்கட்டும்.

இருந்தும் குளிர்ந்தால்? முதுகுப் பையைக் காலி செய்து காலுக்கு அடியில் போடுங்கள், போடாத ஜாக்கெட்டையும் மழைக் கோட்டையும் இடுப்புக்கு அடியில் மேட்டின் கீழே விரியுங்கள். மேலே இன்னொரு ஸ்வெட்டர் போட்டுப் பயனில்லாத இடத்தில் கீழே ஒரு துண்டு விரித்தால் பலன் தெரியும். பச்சை மரக்கிளைகளை வெட்டிப் படுக்கை போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த உயரத்தில் ஒரு கிளை வளரப் பல வருஷம் ஆகும்.

ஓட்டை விழுந்தால்

மேட்டோடு வரும் ஒட்டுத் துண்டுகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கசிவைக் கண்டுபிடிக்க மேட்டைக் கெட்டியாக ஊதி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். காற்று படுவது தெரியும். தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வால்வையும் பாருங்கள், பல நேரம் அங்கே ஒரு மணல் துகள்தான் மாட்டியிருக்கும். ஓட்டையைப் பேனாவால் வட்டமிட்டு, காற்றை முழுக்க வெளியேற்றி, இடத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். முதல் உதவிப் பையில் இருக்கும் ஸ்பிரிட் துணி துடைப்பதற்கு உதவும். ஈரத்தின் மேல் ஒட்டிய ஒட்டு விடிவதற்குள் கழன்றுவிடும்.

பகலில் ஊதிய மேட்டை வெயிலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து, அறைகளைப் பிரிக்கும் ஒட்டு விட்டுப்போய் மேட் நடுவில் பலூன் மாதிரிப் புடைக்கும். அதற்கு ஒட்டுத் துண்டு உதவாது. கேம்ப் ஃபயர் பக்கத்திலும் வேண்டாம், ஒரு பொறி போதும்.

ஊர் திரும்பியதும்

ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். தானாக உப்பும் மேட்டைச் சுருட்டிக் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியே பழகி, அடுத்த தடவை உப்பாது. வால்வைத் திறந்தபடி, விரித்த நிலையிலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். காற்று மேட்டையும் உள்ளே ஈரம் காய்வதற்காக வால்வைத் திறந்து சில நாள் விட்டு, பிறகு தளர்வாக மடித்து வைக்கலாம். ஃபோம் மேட்டை எங்கே வைத்தாலும் சரி, மேலே கனமான பெட்டி எதுவும் ஏற்றாதீர்கள், எலி போகும் பரணில் வைக்காதீர்கள்.